பின்னால் அடிபட்ட காரின் முன்பக்கம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. மழை பெய்த ஒரு காலையில், துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிவந்த எங்கள் ஸ்டேஷன் வேகன், குறுக்கே ஓடிவந்த கன்றுக்குட்டிக்காக ஒதுங்கி மின்கம்பத்தில் மோதியது. ஓட்டியவர் அப்பா. பக்கத்தில் அம்மா.

2. கன்றுக்குட்டிக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு நெற்றியில் புடைப்பு. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

3. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது.

4. வண்டியின் முன்பக்கத்தைத்தான் கூட்ட முடியவில்லை. அந்த மாடல் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. பானெட், கிரில், மட்கார்டு எதுவும் எங்கேயும் கிடைக்கவில்லை.

5. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டில், லாரி பின்னாலிருந்து மோதிய சொகுசுக் கார் ஒன்று கிடந்தது. பின்பாதி அப்பளம். முன்பாதியில் கீறல்கூட இல்லை.

6. அந்த முன்பக்கத்தை வெட்டி எங்கள் வேகனுக்கு வைத்தோம்.

7. வண்டி ஓடியது. அப்பா சாவியைத் தொடவில்லை.

இதில் ஏழாவதைத்தான் நான் எழுத நினைக்கிறேன். மற்ற ஆறையும் சொல்லாமல் அங்கே போய்ச்சேர முடியாது.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தில். அப்பா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலை இழுத்து இழுத்து இடது தோள் இறங்கிப்போனதும், படகில் இருந்த பங்கை விட்டுவிட்டு, நகரத்தில் ஒரு சொல்தா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த ஸ்டேஷன் வேகனை வாங்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தப் பெரியவர் பானெட்டைத் தட்டிக் காட்டி, "கப்போ கனத்தப் பாருங்க முசே, இந்தத் தகடு இனிமே வராது" என்றாராம். அப்பாவும் ரொம்ப காலம் பானெட்டைக் கப்போ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா மீன் விற்கிறாள். வாடிக்கை வீடுகள் உண்டு, இரண்டு ஓட்டல்கள் உண்டு. வேகன் வருவதற்கு முன்னால் அவள் கூடையோடு ஷேர் ஆட்டோவுக்கு நிற்பாள். மீன் கூடையைப் பார்த்ததும் பாதி ஆட்டோக்கள் நிற்காது. வேகன் வந்த பிறகு பின்சீட்டை மடக்கிவிட்டு, ஐஸ் பெட்டிகளை அடுக்கி, முன்னால் இவர்கள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடுவார்கள்.

அப்பா கடலுக்குப் போன காலத்தில், அவர் கிளம்பும்போது அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் மீனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் விழித்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததே அந்த வண்டியில்தான் என்று நினைக்கிறேன். வழி முழுக்கச் சண்டை. எந்தத் தெருவில் திரும்புவது, எந்த வீட்டு மதாம் பாக்கி வைத்திருக்கிறாள், நேற்றுச் சொன்ன சொல்லுக்கு இன்னா அர்த்தம். கூடவே போயிருக்கிறேன், எனக்குத் தெரியும். அது அவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளில் அதிகம் சந்தோஷமாக இருந்த நேரம்.

மோதலுக்குப் பிறகு அப்பா எந்த வண்டியையும் தொடவில்லை. பக்கத்து வீட்டு டூவீலரை நிழலில் தள்ளி நிறுத்தச் சொன்னால்கூட என்னைக் கூப்பிட்டார். கேட்டால், "கண்ணு முன்ன மாரி இல்ல" என்றார். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா கட்டைப் பிரித்ததும் பழையபடி ஷேர் ஆட்டோவுக்குப் போய் நின்றாள். வலது கையில் பிடிமானம் இல்லை. கூடையை ஏற்ற ஒருவர், இறக்க ஒருவர் தேவைப்பட்டது. வாடிக்கை வீடுகளில் ஒன்றிரண்டு வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்தன. அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தார். கடல் ஒரு தடவை அவரை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது ரோடும் அனுப்பிவிட்டது. அம்மாவின் பக்கத்தில் இருந்த அந்த இடமும் போனால் அவருக்கு வேறு இடமில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியைச் சரி செய்தால் அவரும் சரியாகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். நான் மெக்கானிக்கல் படித்தவள். சேதராப்பட்டில், தகடுகளை அழுத்தி உருவம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. உடைந்ததைச் சரி செய்தால் ஓடும் என்பது என் தொழிலின் நம்பிக்கை.

கம்பெனிக்குப் போகும் வழியில் இருந்த யார்டில்தான் அந்தச் சொகுசுக் காரைப் பார்த்தேன். கறுப்பு. முன்னால் நின்று பார்த்தால் இப்போதுதான் ஷோரூமிலிருந்து வந்தது போல இருந்தது. பக்கவாட்டில் வந்து பார்த்தால் டிக்கி பின்சீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் வண்டிக்கு அடி முன்னால், இதற்குப் பின்னால். இரண்டையும் சேர்த்தால் ஒரு வண்டி. அது தோன்றியதும் டேப்பை எடுத்து அளந்தேன்.

டிங்கரிங் செய்ய ஒரு மேஸ்திரி கிடைத்தார். பக்கத்துக் கிராமத்துக்காரர். காலையில் வயலில் தண்ணீர் மடை திருப்பிவிட்டுத்தான் ஷெட்டுக்கு வருவார். நான் வரைந்துகொண்டுபோன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வெள்ளாட்டுக்கு யானத் தலய வச்சா மாரி?"

"வைக்க முடியுமா முடியாதா, மேஸ்திரி?"

"வைக்கலாம். புள்ளையாருக்கே ஒட்டுத் தலதானே. யாராவது கேட்டாங்களா? தேங்கா ஒடைச்சிட்டுப் போய்க்கிட்டே இருக்காங்க."

வேலை ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து நான் போவேன். சனி ஞாயிறு முழுக்க அங்கேதான். சொகுசுக் காரின் முகம் எங்கள் வண்டியைவிட நான்கு விரல் அகலம். மட்கார்டுகளைக் கதவு ஓரத்தில் அறுத்து ஒடுக்கி, வளைவு கெடாமல் மறுபடி பற்றவைத்தார் மேஸ்திரி. சேஸிஸில் கை வைக்கக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வண்டியின் பலம் அங்கே இருக்கிறது. புது முகத்தைத் தாங்கத் தனியாகப் பிராக்கெட் செய்து போல்ட்டில் முடுக்கினோம். கிரில் பார்க்கத்தான் பெரிது, பாதிக்கு மேல் உள்பக்கம் அடைப்பு. அதை வெட்டித் திறந்துவிடாவிட்டால் எங்கள் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாது. ஹெட்லைட்டுகள் கம்ப்யூட்டர் சொன்னால்தான் எரிவேன் என்றன. எங்கள் வண்டியில் அப்படிச் சொல்ல யாருமில்லை. ஒரு வாரம் வயரோடு உட்கார்ந்து, சாதாரண சுவிட்சுக்குப் பழக்கினேன். பம்பரில் பொத்தான் பொத்தானாக சென்சார்கள். அவற்றை அப்படியே விட்டுவிட்டோம். கார்க் கம்பெனியின் இலச்சினையை நானே கழற்றி யார்டுக்காரரிடம் கொடுத்தேன். அந்த வட்டத்தில் மேஸ்திரி சின்னப் பித்தளைப் பிள்ளையாரை வைத்துத் திருகிவிட்டு, "இப்ப ஒட்டு வேலன்னு ஒருத்தன் வாயத் தொறப்பானா?" என்றார்.

அப்பா தினமும் ஷெட்டுக்கு வந்தார். அம்மாதான் அனுப்பினாள், "பொம்பளப் புள்ள தனியா நிக்கிது, போய் ஒக்காரு" என்று. ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். மேஸ்திரி பேச்சுக் கொடுப்பார்.

"இன்னாண்ணே, மீனு வண்டில இனிமே மந்திரியே ஏறுவாரு போல?"

அப்பா சிரிக்கமாட்டார். ஆனால் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். தினமும் அதே கேள்வி.

"இது மோதுனா, பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்களுக்கு இன்னா ஆவும்?"

முதல் நாள் நான் படிப்பில் இருந்து பதில் சொன்னேன். முன்பக்கம் நசுங்கினால்தான் உள்ளே இருப்பவர்கள் தப்பிப்பார்கள், விசையைத் தகடு வாங்கிக்கொள்ளும் என்று. அவர் தலையாட்டினார். மறுநாள் அதையே கேட்டார். அதற்கு மறுநாளும். என் பதில் அவருக்குப் போதவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்துச் சீட்டை நான் அதுவரை பார்க்கவே இல்லை. நான் பானெட்டுக்கு முன்னால் நின்றே வேலை செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பக்கத்துச் சீட்டைக் கழற்றினேன். பெல்ட் கிடையாது. வண்டி வந்த நாளிலிருந்தே கிடையாது, பழைய மாடலில் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் பெல்ட் என்று நினைத்திருந்தேன். ஆனால் சீட்டுக்கு அடியில், தரையில் துருப்பிடித்த போல்ட் ஒன்றில் கறுப்புப் பட்டை இரண்டு விரல் நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. முனை நேராக இருந்தது. இற்றுப்போய் அறுந்தது நூல் நூலாகத் தொங்கும். இது கத்தி பட்டது.

"சொல்தா எதுக்குப் பெல்ட்ட அறுத்தாரு?" என்று மேஸ்திரியைத்தான் கேட்டேன்.

"அவரு அறுக்கல" என்றார் அப்பா, டின்மேல் இருந்தபடி. "நான்தான் அறுத்தேன். வண்டி எடுத்தாந்த அன்னிக்கே."

மேஸ்திரி கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

அப்பா சொன்னது இவ்வளவுதான். சின்ன வயதில் அவரோடு படகில் வந்த ஒருவர், காற்று பலமாக அடித்தபோது பயந்துபோய்க் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிப் படகோடு முடிந்துகொண்டார். படகு கவிழ்ந்தது. கட்டிக்கொள்ளாத மற்றவர்கள் மிதந்தார்கள். அவர் படகோடு போய்விட்டார். "கட்டிக்கினவன் கர ஏற மாட்டான். எங்க ஆளுங்க யாரக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. அத நெனச்சிக்கினு அறுத்தேன். உங்கம்மாவ அதுல கட்டிப் போட எனக்கு மனசு வர்ல."

வலை அறுக்கும் கத்தியால் அறுத்திருக்கிறார். தன் பக்கத்துப் பெல்ட்டை மட்டும் விட்டுவைத்திருந்தார், போலீஸ்காரரைப் பார்த்தால் மார்புக்குக் குறுக்கே எடுத்துப் போட்டுக்கொள்ள. பூட்டியதே இல்லை.

பெல்ட் இருந்திருந்தால் அம்மா டேஷ்போர்டில் கையை ஊன்றியிருக்கமாட்டாள். மணிக்கட்டு முறிந்திருக்காது. இதை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. மோதிய அன்றிலிருந்து அவர் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், தனக்குத்தானே.

நான் எழுந்து யார்டுக்குப் போனேன். சொகுசுக் காரின் முன்சீட்டையும் பெல்ட்டையும் கேட்டேன். மோதலில் ஒரு தடவை வேலை செய்த பெல்ட்டை மறுபடி நம்பக்கூடாது என்பது விதி. மோதியபோது காரில் டிரைவர் மட்டும்தான் இருந்தார் என்று யார்டுக்காரர் சொன்னார். அதை மட்டும் நம்பாமல், பக்கத்துச் சீட்டுப் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இழுபட்ட தடம் எதுவும் இல்லை. மோதும்போது உள்ளே வெடித்துப் பட்டையை இழுத்துப் பிடிக்கும் இறுக்கியும் வெடிக்காமல் இருந்தது. பழைய போல்ட் ஓட்டைகளுக்குப் பின்னால் கனமான தகடு வைத்துப் பற்றவைத்து, சீட்டையும் பெல்ட்டையும் பொருத்தினோம். மெத்தென்ற தோல் சீட். ஐஸ் பெட்டி நாற்றத்துக்கு நடுவில் அது ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

வண்டியைக் குப்பத்துக்கு எடுத்துவந்த அன்று தெருவே கூடிவிட்டது. அப்பாவோடு கடலுக்குப் போன சித்தப்பா ஒருவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"யோவ், முன்னால மந்திரி, பின்னால மத்தி!"

"நீ எந்தப் பக்கம்யா ஏறப் போற?" என்றாள் அம்மா. "பின்னால ஏறு, எடம் கீது."

"நான் மந்திரி பக்கந்தான் அண்ணி."

"அங்க நான் ஒக்காரணும். எம் மவ எனக்குன்னு சீட்டு வாங்கியாந்துகீறா."

எலுமிச்சம்பழம் வைத்தோம், தேங்காய் உடைத்தோம். வண்டியின் மாற்றத்தைப் பதிவு செய்ய ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்னமே மனுப் போட்டிருந்தேன். ஆய்வில் ஹெட்லைட் உயரம் மட்டும் சரியில்லை என்றார்கள், அதையும் இறக்கியாகிவிட்டது. என் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டாகிவிட்டது. சாவியை அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. அம்மாவின் பக்கத்துக் கதவருகே போய் நின்றார். அம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் பெல்ட்டை இழுத்துப் பூட்டிக் காட்டினேன்.

"மாடா நானு, கட்டிப் போட?" என்றாள் அம்மா, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அப்பா ஜன்னலுக்குள் குனிந்தார். "கழட்டு."

பூட்டு அம்மாவின் வலது இடுப்புப் பக்கம். வலது கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். திறக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். பொத்தான் பாதிதான் இறங்கியது. இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அமுக்கினாள், டக்கென்று கழன்றது.

"பாரு, வந்துடுச்சி."

"அந்தக் கையாலயே கழட்டு."

"எந்தக் கையா இருந்தா இன்னா?"

"கவுந்தா எந்தக் கை எங்க மாட்டும்னு யாருக்குத் தெரியும்?"

"ரோட்டுல இன்னாய்யா கவுறது? இது படகா?"

தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நிமிர்ந்து, என்னைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "நீயே ஓட்டு பாப்பா." சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார்.

கட்டாமல் விட்டால் கை முறிகிறது. கட்டினால் அவளால் கழற்ற முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. நான் உடனே வழி யோசித்தேன், என் பழக்கம் அது. பெல்ட் அறுக்கும் சின்னக் கத்தி கிடைக்கும், டேஷ்போர்டில் கைக்கெட்டும் இடத்தில் ஒட்டிவைக்கலாம் என்று அன்று சாப்பிடும்போது சொன்னேன். "கத்தி வேணாம்" என்றார் அப்பா. பூட்டை இளக்கிவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். கூடாது. இளகின பூட்டு வேண்டிய நேரத்தில் தானே திறந்துகொள்ளும்.

அதனால் நான் ஓட்டினேன். வேலைக்குப் போவதற்கு முன்னால் துறைமுகம், பிறகு ஓட்டல், பிறகு வாடிக்கை வீடுகள். வண்டிக்கு நல்ல வரவேற்பு இருந்தது. கடற்கரை ரோட்டு ஓட்டலில் புதிதாக வந்த வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்தார். நான் உள்ளே போய், பின்கதவு அவருக்குத் தெரிகிற மாதிரி திரும்பியதும், சல்யூட் அடித்த கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மா இறங்கி, "மூக்கப் பொத்தற கையால இந்தப் பெட்டிய ஒரு கை புடி ராசா" என்றாள். அவரும் பிடித்தார்.

ஆனால் என்னோடு வரும்போது அவள் சண்டை போடவில்லை. நான் எந்தத் தெருவில் திரும்பினாலும் சரி என்றிருந்தாள். சிக்னலில் நிற்கும்போது அவளுடைய வலது கை இடுப்புப் பக்கம் அந்தப் பொத்தானைத் தேடுவதைக் கவனித்தேன். அமுக்குவாள். பாதி இறங்கும். எடுத்துவிடுவாள். கட்டைப் பிரித்தபோது ஆஸ்பத்திரியில் கையைப் பிசைந்து பழக ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். "மீனு அரியற கைக்கு எக்சசைசு வேறயா" என்று அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள்.

யார்டில் அந்தக் காரின் பின்சீட்டுப் பெல்ட் இன்னும் இருந்தது. அதே பூட்டு, அதே பொத்தான். பட்டை நைந்திருந்தது, எனக்குப் பட்டை வேண்டாம். பூட்டையும் அதில் செருகும் நாக்கையும் மட்டும் வாங்கிவந்து, ஒரு பலகையில் பூட்டைத் திருகி, டிவிக்கு எதிரே அம்மா உட்காரும் இடத்தில் வைத்தேன்.

சீரியல் ஆரம்பித்ததும் அம்மா பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாக்கைச் செருகினாள், டக். அமுக்கினாள், ஒன்றும் இல்லை. இடது கையால் கழற்றினாள். மறுபடி செருகினாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் பிரித்து வைத்திருந்த பேப்பரில் பக்கம் திரும்பவே இல்லை.

தினமும் மாலையில் இது நடந்தது. விளம்பரம் வந்தால் சத்தம் அதிகம். அழுகைக் காட்சி வந்தால் நின்றுவிடும். ஒருநாள் அப்பா வாசல்படியில் இருந்தபடியே சொன்னார்:

"விரலு நுனிய வைக்காத. அடிக் கணுவ வச்சி, முழங்கையோட தள்ளு."

"நீ வந்து அமுக்கேன்."

"எனக்கு இன்னாத்துக்கு? எங்கையி நல்லாத்தான கீது."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனவர், தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். கையை நீட்டச் சொல்லவில்லை. பலகையை அவள் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, கையைத் தானே எடுத்துக்கொண்டார். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை, வலை முடிச்சை நகத்தால் இளக்குவது போல, மெல்ல மெல்ல நீவினார். அம்மாவுக்குச் சீரியல் தெரியவில்லை, அவர் தலை மறைத்தது. "மறைக்காத, தள்ளு" என்றாள். அவர் தள்ளினார். கையை விடவில்லை.

அதற்குப் பிறகு எண்ணெய் தினமும். அதற்கப்புறம் பலகை. என் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும்போது எனக்குச் சத்தம் மட்டும் கேட்கும். செருகும் டக்குக்கும் கழற்றும் டக்குக்கும் வித்தியாசம் உண்டு. செருகுவது கெட்டியான சத்தம். கழற்றுவது கொஞ்சம் துள்ளும். முதலில் எல்லாம் கெட்டிச் சத்தமாகவே இருந்தது. பிறகு நடுநடுவே ஒரு துள்ளல். பிறகு ஒன்றுவிட்டு ஒன்று.

அன்று காலை நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பெட்டிகள் ஏற்கனவே ஏற்றப்பட்டிருந்தன. அம்மா சீட்டில் உட்கார்ந்திருந்தாள், பெல்ட் போட்டு. அப்பா சட்டை போட்டுக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். சட்டை போட்டிருந்ததைப் பார்த்ததுமே நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

"கழட்டு" என்றார்.

வலது கை. ஒரே அமுக்கு. பட்டை மேலே சுருண்டு ஓடியது.

"இன்னொரு வாட்டி."

"மீனு நாறிடும்யா."

"இன்னொரு வாட்டி."

கழற்றினாள். அவர் கண்ணை மூடச் சொன்னார். மூடிக்கொண்டு கழற்றினாள். தண்ணீருக்குள் கண் தெரியாது என்பது அவர் கணக்கு என்று நினைக்கிறேன்.

அவர் சுற்றிக்கொண்டு வந்து ஓட்டும் சீட்டில் ஏறினார். தன் பெல்ட்டை இழுத்தார். நான் வேலையின்போது அதையும் மாற்றியிருந்தேன், அந்தச் சொகுசுக் காரினுடையதல்ல, கடையில் வாங்கின புதுசு. வழக்கம் போல மார்புக்குக் குறுக்கே போட்டு விட்டுவிடுவார் என்று பார்த்தேன். பூட்டினார்.

"உன்னுது யாரு பாக்கறது?" என்றாள் அம்மா. "கழட்டிக் காட்டு."

"எனக்குத் தெரியும்."

"கழட்டிக் காட்டு, இல்லன்னா நான் எறங்கிக்கிறேன்."

அவர் கழற்றிக் காட்டினார். மறுபடி பூட்டினார். வண்டியைக் கிளப்பினார். தெரு முனை வரைக்கும் நடக்கிற வேகத்தில் போனது. அங்கே அவர் இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டார். அம்மாவின் இடது கை ஜன்னலுக்கு வெளியே வந்து, கூரைக்கு மேலாக வலது பக்கத்தைக் காட்டியது. வண்டி நின்றது. உள்ளே ஏதோ வாக்குவாதம். எனக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்த ஐஸ் வண்டிக்காரர் ஆரன் அடித்தார். வலது பக்கம் திரும்பிப் போனார்கள்.

நான் உள்ளே வந்து டிபன் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தேன்.

இப்போதைய நிலவரம் இது. வேகன் தினமும் ஓடுகிறது. அப்பா துறைமுகத்துக்கும் ஓட்டல்களுக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் ஓட்டுகிறார். அம்மாவுக்குக் கட்டுப் போட்ட கதிர்காமம் ஆஸ்பத்திரிப் பக்கம் இன்னும் போகவில்லை. மழை பெய்தால் ஓட்டுவதில்லை, அந்த நாட்களில் நான் ஓட்டுகிறேன். வலது ஹெட்லைட்டுக்குள் ஈரம் இறங்குகிறது, ரப்பரை மாற்ற வேண்டும். விட்டுப்போன வாடிக்கைகளில் ஒரு வீடு திரும்பி வந்திருக்கிறது. அம்மாவின் கட்டைவிரல் குளிர்ந்த காலைகளில் இன்னும் கொஞ்சம் மடங்க மறுக்கிறது.